டிஸ்க் தொலைந்ததாம், டிரேசி கிடைத்தாராம்

டிரேசி சாப்மன் என்று பேச்செடுத்தால் நம்ம ஆட்கள் உட்பட எல்லோரும் ஒரே கதையைத்தான் ஒப்பிக்கிறார்கள். 1988 ஜூன் 11. லண்டன் வெம்ப்ளி மைதானம். சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளை முன்னிட்டு நடந்த இசைவிழா. ஸ்டீவி வொண்டர் மேடையேற வேண்டிய நேரம். அவருடைய இசைக்கருவிக்குரிய ஹார்ட் டிஸ்க்கைக் காணோம். அது இல்லாமல் பாட முடியாது என்று அவர் திரும்பிப் போய்விட்டார். மைதானம் நிறையக் கூட்டம், அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தொலைக்காட்சி ஒளிபரப்பு. யாரையாவது நிறுத்தியாக வேண்டும். பகலிலேயே பாடி முடித்துவிட்டிருந்த 24 வயசுக் கறுப்புப் பொண்ணைக் கூப்பிட்டு, ஒரு கிடாரோடு தனியாக நிறுத்தினார்கள். 'ஃபாஸ்ட் கார்' பாடினார். கூட்டம் அடங்கிப் போனது. அப்புறம் அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் ஆறாவது இடம், பிரிட்டனில் ஐந்தாவது இடம். அடுத்த வருஷம் மூன்று கிராமி விருது.

கதை இவ்வளவுதான். இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அதனால்தான் இதோடு சண்டை போடுவது கஷ்டமாயிருக்கிறது.

வெற்றிபெற்ற பாட்டுகளின் 'பின்னணிக் கதை' சொல்வது இசைப் பத்திரிகைகளுக்குப் பழைய வியாபாரம். எந்தக் காதலி விட்டுப்போனாள், எந்த ஓட்டலில் எழுதினான், எத்தனை நிமிஷத்தில் எழுதினான். வெள்ளைக்கார ராக் பாடகன் என்றால் அந்தக் கதையெல்லாம் போய்ச் சேருகிற இடம் ஒன்றே: மேதைமை. கறுப்புப் பெண் என்றால் மட்டும் டிஸ்க் தொலைந்தது! யாரோ ஒரு ஆம்பிளையின் பெட்டியில் எதுவோ இல்லாமல் போனதால் இவருக்கு வாழ்வு வந்ததாம். ஆயிரம் பேர் ஆயிரம் முறை சொல்லி இன்று அது அவருடைய பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஆகிவிட்டது.

சரி, அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். பகலில் பாட அந்தப் பெண் வெம்ப்ளிக்கு எப்படி வந்தார்? ஏப்ரலில் ஆல்பம் வந்திருந்தது, அதனால் வந்தார். ஆல்பம் எப்படி வந்தது? இங்கேயும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த பிரையன் கோபல்மன் என்கிற பையன் இவரைக் 'கண்டுபிடித்தான்'. அவனுடைய அப்பா சார்லஸ் கோபல்மன் இசைப் பதிப்புத் தொழிலில் பெரிய கை. பையன் போய் என் அப்பா உதவுவார் என்கிறான். இவர் பிடிகொடுக்கவில்லை. டேப்பும் தரவில்லை. அவன் கல்லூரி வானொலி நிலையத்தில் இருந்த இவருடைய ஒலிநாடாவை இவருக்குத் தெரியாமல் நகலெடுத்து அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான், சந்தேகமில்லை. ஆனாலும் பாருங்கள், கேட்காமல் எடுத்துக்கொண்டு போனவன் கதாநாயகன். தரமாட்டேன் என்று நின்றவளின் யோசனை என்னவாயிருந்தது என்று எவனும் எழுதவில்லை.

அவன் அவரைப் பற்றி முதலில் எங்கே கேள்விப்பட்டான்? தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு எதிராக அந்தக் கல்லூரியில் மாணவர்கள் போராட்டத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். கூட்டத்தில் பாட ஆள் தேடினார்கள். பாட்டுக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். நிறவெறி எதிர்ப்பு மேடை தேடிப்போன குரல் அது. மூன்று வருஷத்துக்குள் அதே எதிர்ப்பின் பெரிய மேடையில் வெம்ப்ளியில் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற கோடு எது? ஹார்ட் டிஸ்க்கா?

இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். அந்த ஒலிநாடாவில் இருந்தது 'டாக்கிங் பௌட் எ ரெவல்யூஷன்'. அதை எழுதும்போது அவருக்கு வயது 16. க்ளீவ்லாண்ட் நகரத்துக் கறுப்புத் தொழிலாளிக் குடும்பம். நாலு வயதில் அப்பா அம்மா பிரிந்துவிட்டார்கள்; அம்மா ஒருத்தியாகத்தான் வளர்த்தார். மூன்று வயதில் ஒரு உகுலேலி வாங்கிக் கொடுத்ததும் அந்த அம்மாதான். வெள்ளையரல்லாத பிள்ளைகளை மேட்டுக்குடிப் பள்ளிகளில் சேர்க்கும் ஒரு திட்டத்தின் உதவித்தொகையில் கனெக்டிகட் மாநிலத்து டான்பரியில் வூஸ்டர் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற இடம். நிவாரண வரிசை, வேலையில்லாதவர் வரிசை என்பதெல்லாம் என்னவென்றே தெரியாத பிள்ளைகள். அங்கே உட்கார்ந்துதான் அந்த வரிசைகளில் நிற்கிற சனங்கள் ஒருநாள் எழுவார்கள் என்று எழுதினார். 'ஸ்காலர்ஷிப்பில் வந்தவள்' என்கிற பார்வை முதுகில் குத்த ஒரு விடுதி அறையில் உட்கார்ந்திருப்பது எப்படியென்று இந்தப் பத்திரிகையைப் படிக்கிற மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த க்ளீவ்லாண்ட் எப்படிப்பட்ட ஊர்? 1966 ஜூலை 18. ஹஃப் என்கிற கறுப்பர் குடியிருப்பில் வெள்ளைக்காரர் நடத்திய ஒரு மதுக்கடை. உள்ளே போன கறுப்பர் ஒருவர் தண்ணீர் கேட்கிறார். தரமாட்டோம் என்கிறார்கள். கறுப்பர்களுக்குத் தண்ணீர் கிடையாது என்று எழுதியும் மாட்டிவிடுகிறார்கள். ஒரு டம்ளர் தண்ணி! அதில் பற்றிய தீ பல நாள் எரிந்தது. தேசியக் காவல் படை வந்தது. நாலு பேர் செத்தார்கள், நாலு பேரும் கறுப்பர்கள். விசாரித்த ஜூரிகள் வறுமையை விட்டுவிட்டுக் கம்யூனிஸ்ட் தூண்டுதல் என்று எழுதினார்கள். டிரேசிக்கு அப்போது வயது இரண்டு. அவருக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, 1976இல், அந்த நகரத்துப் பள்ளிகள் திட்டமிட்டே நிறவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்கிறது. 1979இல்தான் கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் பேருந்தில் ஏறி ஒருவர் பகுதிக்கு ஒருவர் படிக்கப் போகத் தொடங்கினார்கள். மகாத் குளத்தையும் இரட்டைக் குவளையையும் தெரிந்த நமக்கு இதில் எதுவும் அந்நியம் இல்லை. பாட்டுக்குப் பின்னணி கேட்கிறவர்கள் இதையல்லவா முதலில் சொல்ல வேண்டும்? சொல்வதில்லை. இது தொலைந்த சாமானில்லை, தேட வேண்டியதில்லை, கண் முன்னால் கிடக்கிறது.

அடுத்த கதை: "இது உங்க சொந்த வாழ்க்கையா?"

'ஃபாஸ்ட் கார்' பாட்டில் வருகிற பெண் கடையில் வேலை பார்க்கிறாள். அப்பன் குடிகாரன். அம்மா விட்டுவிட்டுப் போய்விட்டாள். அப்பனைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிப்படிப்பை விடுகிறாள். கார் வைத்திருக்கிற ஒருவனோடு ஊரைவிட்டு ஓடி வேறு வாழ்க்கை வாழலாம் என்று நம்புகிறாள். ஓடியும் போகிறாள். கடைசியில் அவனும் அவளுடைய அப்பனைப் போலவே ஆகிறான். இவள் கல்லாவில் நின்று சம்பாதிக்கிறாள், அவன் கூட்டாளிகளோடு குடிக்கிறான். அந்தக் காரை எடுத்துக்கொண்டு நீயே போ என்று சொல்லும் இடத்துக்கு வந்துவிடுகிறாள். அம்மா அப்பாவை விட்டுப் போனாள். மகள் அவனை அனுப்பப் பார்க்கிறாள். நாலரை நிமிஷச் சொச்சத்தில் இரண்டு தலைமுறையின் வறுமை எப்படித் தன்னையே திரும்பப் பெற்றுப்போடுகிறது என்பதைப் பத்துப் பாடப்புத்தகத்தைவிட நன்றாகச் சொல்கிற பாட்டு. எழுதியவர் மானுடவியல் படித்தவர். யோசித்துக் கட்டியது.

ஆனால் கேள்வி என்ன? உங்க அப்பா குடிப்பாரா? அந்தக் காதலன் யார்? அவர் பேட்டிகளில் சொல்லிவிட்டார்: இது எனக்கு நேர்ந்த கதை அல்ல, நான் வளர்ந்த ஊரில் பார்த்த உலகம் என்று. விடுவதாயில்லை. வெள்ளைக்காரன் மூன்றாம் மனிதன் கதையைப் பாடினால் 'கதைப்பாடல் மரபு', கற்பனை. இவள் பாடினால் வாக்குமூலம். படைத்தாள் என்று ஒப்புக்கொள்ள மனசு வராது. பட்டாள், அதனால் பாடினாள். அழுதாள், நாங்கள் கேட்டோம். இந்தக் கேள்வி நம் வாசலுக்கும் தினமும் வருகிறதே. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. தன்வரலாறுதான், அவரே அப்படித்தான் எழுதினார். அதற்கப்புறம் எந்தத் தலித் நாவல் எழுதினாலும், எந்தச் சிறுகதை எழுதினாலும், கையெழுத்து வாங்க வருகிறவர் குனிந்து கேட்கிறார்: "இதெல்லாம் உங்களுக்கு நடந்ததுங்களா?" ஆமாம் என்றால் சாட்சி. இல்லை என்றால் பொய். எழுத்தாளர் என்கிற நாற்காலி மட்டும் நமக்குக் கிடையாது. (சாட்சியம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. சாட்சிக் கூண்டிலேயே நிற்க வைக்கிறான் பார், அதைத்தான் சொல்கிறேன்.)

மூன்றாவது கதை புதுசு. 2023 மார்ச்சில் லூக் கோம்ப்ஸ் என்கிற கண்ட்ரி இசைப் பாடகர், வட கரோலினாக்காரர், வெள்ளையர், 'ஃபாஸ்ட் கார்' பாட்டைத் தன் ஆல்பத்தில் பாடினார். சின்ன வயதில் அப்பாவின் வண்டியில் இந்தக் கேசட்டைக் கேட்டு வளர்ந்தவராம். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஆறாவது இடம் வரை போன பாட்டு இவர் வாயில் இரண்டாவது இடம் வரை போனது. கண்ட்ரி வானொலிப் பட்டியலில் முதலிடம். நவம்பர் 8 அன்று கண்ட்ரி இசைச் சங்கம் ஆண்டின் சிறந்த பாடல் விருதை எழுதியவர் என்ற முறையில் டிரேசி சாப்மனுக்குக் கொடுத்தது. 1967 முதல் கொடுத்துவரும் விருதைக் கறுப்பினத்தவர் ஒருவர் வாங்கியது அதுதான் முதல் தடவை. 56 வருஷம்! பான்ஜோ வாத்தியமே ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்ததுதான். அந்தத் தந்தியில் கட்டிய இசைக்கு இவர்கள் வேலி போட்டு, 1920களிலிருந்தே கறுப்பர் இசைத்தட்டுக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனிப் பெயர் வைத்து விற்றார்கள். இசைத்தட்டிலும் ஊர் வேறு, சேரி வேறு.

கோம்ப்ஸைத் திட்டிப் பயனில்லை. ஆள் யோக்கியமாக நடந்துகொண்டார். பாட்டில் வருகிற 'கடைக்காரப் பெண்'ணைப் பையனாக மாற்றாமல் அப்படியே பாடினார், போகிற இடமெல்லாம் பெயரைச் சொன்னார், 2024 பிப்ரவரி 4 கிராமி மேடையில் அவரோடு சேர்ந்து பாடும்போது ஒதுங்கி நின்று உதட்டசைத்து வியந்தார். என் சண்டை அவரைச் சுற்றி நின்று கைதட்டியவர்களோடு. "பார்த்தீர்களா, நல்ல பாட்டுக்கு நிறமில்லை, இது எல்லோருக்குமான பாட்டு" என்றார்கள். எல்லோருக்கும் என்றால் 1988இல் அந்தக் கண்ட்ரி வானொலிகளுக்குக் காது எங்கே போயிருந்தது? அதே சொல், அதே மெட்டு, அதே கார். ஓட்டுகிற கை மாறியதும் பாதை திறந்துவிட்டது. பொது என்று இவர்கள் சொல்வது நம் வீட்டிலிருந்து எடுத்துப்போன பிறகு வைக்கிற பெயர்.

நம் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அந்த நாளில் பப்ளிக் எனிமி குழுவின் சக் டி, டிரேசியின் பாட்டைக் கறுப்பர்களால் உணர முடியாது என்கிற மாதிரி பேசினார். கிடார் வைத்துக்கொண்டு மெதுவாகப் பாடினால் வெள்ளைக் கல்லூரி மாணவர்களின் சரக்கு. தாளம் இடித்தால்தான் கறுப்பு. சக் டி மேல் மரியாதை உண்டு எனக்கு. ஆனால் எது நம்ம இசை, எது இல்லை என்று எல்லைக்கல் நடுகிற வேலையை மேல்சாதிக்காரனே நன்றாகச் செய்கிறானே, நாமும் எதற்கு? பறை அடித்தால்தான் தலித், வயலின் வாசித்தால் துரோகி என்று நம்ம தோழர்களிலும் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். 1996இல் 'கிவ் மீ ஒன் ரீசன்' மூன்றாவது இடம் வரை போனது. அச்சு அசலான பன்னிரண்டு பார் ப்ளூஸ், கறுப்பர்களின் அடிமண்ணிலிருந்து வந்த வடிவம். அதற்கு ஒருத்தரும் பின்னணிக் கதை கேட்கவில்லை. சோகமில்லை, டிஸ்க்கும் தொலையவில்லை, என்னத்தைக் கேட்பது!

பாட்டின் பின்னால் ஒரே ஒரு கதைதான் உண்மையில் கேட்க வேண்டியது: அது யாருக்குச் சொந்தம்? 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் சாலமன் லிண்டா என்கிற ஜூலு பாடகர் 'ம்பூபே' பதிவு செய்தார். உரிமைக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். அது அமெரிக்காவில் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' ஆகிப் பலரைக் கோடீஸ்வரராக்கியது. லிண்டா 1962இல் ஏழையாகவே செத்தார். மகள்கள் வழக்குப் போட்டு 2006இல்தான் ஒரு தீர்வு வந்தது. டிரேசிக்கு இந்தச் சரித்திரம் தெரியாமலா இருக்கும்? 'பேபி கேன் ஐ ஹோல்ட் யூ' பாட்டை எடுத்துக்கொள்ள நிக்கி மினாஜ் தரப்பு அனுமதி கேட்டது. முடியாது என்றார். மீறி அந்தப் பாட்டு வெளியே கசிந்து வானொலியில் ஓடியதும் 2018இல் வழக்குப் போட்டார். 2021 ஜனவரியில் நாலரை லட்சம் டாலரில் முடிந்தது. எடுத்தவரும் கறுப்புப் பெண்தானே, விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று சிலருக்கு வருத்தம். டேப் தரமாட்டேன் என்று டஃப்ட்ஸில் நின்ற அதே பொண்ணுதான் இது. கோம்ப்ஸ் பாட்டு ஓடியபோது எழுதியவருக்குரிய பணம் ஒழுங்காக அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்றால், அதற்குக் காரணம் கண்ட்ரி இசைச் சங்கத்தின் பெருந்தன்மை அல்ல.

அதே 1988 செப்டம்பர் 30 அன்று, மனித உரிமைப் பிரகடனத்தின் நாற்பதாம் ஆண்டுக்காக ஆம்னெஸ்டி நடத்திய உலகப் பயணத்தில் டிரேசி டெல்லிக்கும் வந்தார். ஜவஹர்லால் நேரு மைதானத்தில் ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், யூசு ந்தூர் இவர்களோடு மேடையேறினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்த நாட்டில் அப்போது இல்லை, அடுத்த வருஷம்தான் வந்தது. மைதானத்துக்குள்ளே மனித உரிமைக்குக் கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று எண்ணிப்பார்க்கிறேன்.

மறுபடி வெம்ப்ளிக்கு வருவோம். அமெரிக்காவில் அந்த விழாவை ஒளிபரப்பிய ஃபாக்ஸ் தொலைக்காட்சி 'ஃப்ரீடம்ஃபெஸ்ட்' என்று பெயர் மாற்றி, அரசியல் பேச்சுகளை வெட்டித்தான் காட்டியது. கதை சொல்கிறவர்களும் ஒரு வெட்டு வெட்டியிருக்கிறார்கள். டிஸ்க் தொலைந்த அந்த இடைவெளியில் டிரேசி பாடியது ஒரு பாட்டு இல்லை, இரண்டு. 'ஃபாஸ்ட் கார்' முடிந்ததும் அவர் மேடையை விட்டு இறங்கவில்லை. இரண்டாவதாக 'அக்ராஸ் தி லைன்ஸ்' பாடினார். கோட்டுக்கு இந்தப்பக்கம் கறுப்பர், அந்தப்பக்கம் வெள்ளையர் என்று பிரிந்து கிடக்கிற ஒரு அமெரிக்க ஊர், தாக்கப்பட்ட ஒரு கறுப்புச் சிறுமி, அதில் மூண்ட கலவரம். அது ஹஃப் பற்றியது என்று நான் சொல்லவரவில்லை, அப்படி எத்தனையோ ஊர். மண்டேலாவுக்காகக் கூடியிருந்த அத்தனை நாடுகளின் முன்னால், தென்னாப்பிரிக்காவைக் காட்டிக் கைதட்டிய அமெரிக்காவின் முன்னால், உன் வீட்டிலும் இதுதான் என்று பாடிவிட்டுத்தான் கீழே இறங்கினார். அடுத்த தடவை யாராவது டிஸ்க் கதையை ஆரம்பித்தால் முழுசாகச் சொல்லவிடுங்கள். முடித்ததும், இரண்டாவது என்ன பாட்டு என்று கேளுங்கள்.