நொடித்தவரும் நாணயமும்

நம் பக்கத்து ஊர்களில் ஒருவர் கடன் சுமை தாங்கமாட்டாமல் நீதிமன்றத்தை நாடினால், ‘அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்பது வழக்கம். ‘ஐ.பி. போட்டுவிட்டார்’ என்பாரும் உளர். எப்படிச் சொன்னாலும் அதில் இகழ்ச்சியே மிகுந்து ஒலிக்கும். கோம்பையில் காலையில் எழுந்த அச்சொல் பண்ணைப்புரத்தைக் கடந்து தேவாரம் போய்ச் சேர ஒரு பகற்பொழுது போதும். ஆனால் அந்த மனு பிறகு என்னவாயிற்று, அவர் எவ்வளவு கொடுத்தார், நீதிமன்றம் அவரை விடுவித்ததா என்பனவற்றை விசாரிப்பார் எவருமிலர். பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் அவர் ‘மஞ்சள் கடுதாசிக்காரர்’ என்றே நிற்பார்.

இவ்விதம் நின்ற திராட்சை சாகுபடியாளர் ஒருவர், ஒரு வங்கியின் உயர்தரக் கடன் அட்டைக்கு மனுச் செய்யலாமா என்று அண்மையில் நம்மிடம் கேட்டார். பந்தலுக்குக் கல்தூணும் கம்பியும் கடன் வாங்கிப் போட்டவர். அறுவடை நேரத்தில் பெய்த மழையில் பழம் வெடித்துப் போய், அடுத்த பட்டமும் விலையின்றிக் கழிந்து, நொடித்தவர். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. எனினும் வெடித்த பழத்தைக் குறியீடு ஒட்டவைப்பதில்லை. ஆண்டு முழுவதும் காய்க்கும் கொடி என்று வெளியூரார் வியக்கிறார்கள். ஆண்டு முழுவதும் மருந்துக்கும் கூலிக்கும் பணம் தேடவேண்டிய கொடி அது என்பதைச் சாகுபடியாளரே அறிவர்.

அவருடைய கேள்வியைக் கேட்ட சங்கத்து அன்பர்கள் சிலர் நகைத்தார்கள். நமக்கு அந்த நகைப்பு உவப்பாயில்லை. அவர் சொன்ன விடையோ நம்மைச் சிந்திக்க வைத்தது. “பணத்துக்காகக் கேட்கவில்லை சார். அந்த அட்டையை எனக்குக் கொடுத்தால், நான் தேறிவிட்டேன் என்று ஊருக்குத் தெரியும்” என்றார். அவர் வேண்டியது கடனன்று, நாணயத்திற்கு ஓர் அச்சிட்ட சான்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே சொல்லப்போவனவற்றைப் படிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் சட்டத்தின் நிலையைக் கூறுவோம். 2016-ஆம் ஆண்டில் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு ஒன்று நாடு முழுமைக்கும் இயற்றப்பட்டது. ஆயினும் தனிமனிதர்களைப் பற்றிய அதன் பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்கள் விஷயத்தில் மட்டும் 2019 டிசம்பர் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. நம் சாகுபடியாளரையும் தறிக்காரரையும் ஆளுவது இன்றும் 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமே. சென்னை போன்ற தலைநகரங்களுக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே உண்டு. 1906-இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பு மூழ்கிய மூன்றாம் ஆண்டில் வந்த சட்டம் அது.

இந்த 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நம்மவர் அறியாத விஷயம் ஒன்றுண்டு. மனுப் போடுவதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. நொடித்தவர் என்று தீர்ப்பானபின், நீதிமன்றம் குறிப்பிடும் காலத்திற்குள் ‘விடுதலை’ கோரி மறுபடியும் மனுச் செய்தல் வேண்டும். செய்யத் தவறினால் தீர்ப்பே இரத்தாகி, கடன்காரர்கள் மீண்டும் வாசலுக்கு வரலாம். சொத்தின் மதிப்பு, ஈடில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்கேனும் தேறாவிட்டால், அது தம் குற்றத்தால் நேர்ந்ததன்று என்று அவர் மெய்ப்பித்தாலன்றி முழு விடுதலை கிடைப்பதில்லை. அணா மறைந்து பல பதின்மங்கள் ஆகியும் சட்டத்தில் எட்டணா இருந்துவருகிறது! அதைப் போலவே ஐம்பது ரூபாயும் இருக்கிறது. விடுதலை பெறாத ஒருவர், தம் நிலையைச் சொல்லாமல் ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ கடன் பெற்றால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு ஆளாகலாம். இன்று ஐம்பது ரூபாய்க்கு ஒரு வேளைச் சாப்பாடும் வாங்க முடியாது. ஆனாலும் பிரிவு உயிரோடிருக்கிறது. கடன் அட்டை என்பது ஐம்பது ரூபாயைவிடப் பெரிது என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கேள்வி கேட்டவரிடம் நாம் திருப்பிக் கேட்டது, “விடுதலை உத்தரவின் நகல் கையில் இருக்கிறதா, ஐயா?” என்பதே. இருந்தது, பெட்டியின் அடியில், பழைய பட்டாவோடு மடித்து வைத்திருந்தார். ஊர் அதைப் பார்க்கவேயில்லை. விடுதலை பெறாதவரைச் சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்ப்பதற்கு 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் இடம் தருவதில்லை. விடுதலை பெற்றவரை விலக்கி வைக்க எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, ‘ஐ.பி. கேஸ்’ என்று விளிம்பில் எழுதி மனுவைத் திருப்பும் சங்கங்கள் உண்டு. இது முறையன்று.

இனி வங்கியின் கண்ணுக்கு அவர் எப்படித் தெரிவார் என்று பார்ப்போம். 2005-ஆம் ஆண்டில் கடன் தகவல் நிறுவனங்களுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் நான்கு நிறுவனங்கள் நாட்டு மக்களின் கடன் ஏட்டைத் தொகுத்து வருகின்றன. அவற்றுள் ஒன்றான சிபிலின் பெயரே எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. முந்நூறு முதல் தொள்ளாயிரம் வரை மதிப்பெண். குறைந்தது ஏழாண்டுக் காலத்துப் பதிவு அங்கே காக்கப்படும். தவணை முழுவதும் கட்டி முடித்த கணக்கு ‘முடிந்தது’ என்றும், பேசிக் குறைத்துக் கட்டிய கணக்கு ‘சமரசம்’ என்றும், கைவிடப்பட்டது ‘தள்ளுபடி செய்யப்பட்டது’ என்றும் குறிக்கப்படும். பேசித் தீர்த்துக்கொண்டவர் பலர், தாம் கடனைத் ‘தீர்த்துவிட்டதாகவே’ நம்பியிருக்கிறார்கள். ஏடு அப்படிக் கருதுவதில்லை. ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8-ஆம் தேதி வெளியிட்ட நெறிமுறையில், சமரசம் செய்துகொண்டவருக்குப் புதுக்கடன் தர, வேளாண் கடன் நீங்கலாகக் குறைந்தது பன்னிரண்டு மாத இடைவெளி வேண்டும் என்று வகுத்தது. வேளாண் கடனில் இந்தக் கீழ்வரம்பை விதிக்கவில்லை.

மதிப்பெண்ணின் செல்வாக்கு கடனோடு நிற்பதுமில்லை. வங்கிப் பணிக்குத் தேர்வான ஒருவருடைய நியமனம், கடன் பாக்கிப் பதிவு காரணமாக இரத்தானது செல்லும் என்று 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் நடுவில், கூட்டுறவுப் பயிர்க் கடனுக்கும் சிபில் அறிக்கை பார்க்கப்படும் என்ற செய்தி பரவியபோது தமிழ்நாட்டு விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்பதே நம் எண்ணம். 1904-இல் திரூரில் முதல் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது, ஒருவரையொருவர் அறிந்தவர்கள் நடத்தையைப் பார்த்துக் கடன் கொடுக்கலாம் என்ற நம்பிக்கையில்தான். எங்கோ இருக்கும் ஓர் எந்திரம் அறிய முயல்வதை நம் சங்கத்துப் பஞ்சாயத்தார் நேரிலேயே அறிவார்கள். மழை எந்த வாரம் பெய்தது, எவர் பழம் வெடித்தது, எவர் பணம் சீட்டாட்டத்தில் போயிற்று என்பது ஏட்டுக்குத் தெரியாது, இவர்களுக்குத் தெரியும். அப்படித் தெரிந்தவர்கள் அந்த அறிவைப் பயன்படுத்தாமல் எந்திரத்தைப் போலவே நடந்துகொண்டால் சங்கம் எதற்கு?

நம்மவர் கேட்ட அட்டைக்கு வருவோம். மின்னும் அட்டைகளுக்கு ஆண்டுக் கட்டணமே ஆயிரக்கணக்கில் உண்டு. விமான நிலையத்து ஓய்வறை, விடுதிச் சலுகை என்று சலுகைகளும் பல. கோம்பையிலிருந்து மதுரை விமான நிலையம் நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. ஆண்டில் எத்தனை முறை அங்கே ஓய்வெடுக்கப் போகிறோம் என்று அவரவர் எண்ணிப் பார்க்கலாம். அதைவிட முக்கியமானது வட்டி. குறித்த நாளில் முழுத்தொகையும் கட்டுவோர்க்கு வட்டி இல்லை, உண்மையே. ஒருமுறை பாக்கி நின்றுவிட்டாலோ, பல வங்கிகளில் மாதத்துக்கு நூற்றுக்கு மூன்றரை ரூபாய் அளவில் ஏறும். ஊர்ப் பேச்சில் சொன்னால் இது மூன்றரை வட்டி. திண்ணையில் கேட்டால் ‘அநியாயம்’ என்று எழுந்து போகிற நாம், கண்ணாடி அறையில் கேட்டால் கையெழுத்திடுகிறோம்! இலட்ச ரூபாய் பாக்கிக்கு மாதம் 3,500 ரூபாய் வட்டி, அதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டு வரி 630 ரூபாய், ஆக 4,130 ரூபாய். இரண்டே மாதத்தில் 8,260. அதே இலட்ச ரூபாய்ப் பயிர்க் கடனுக்கு ஏழு விழுக்காட்டில் ஓராண்டு முழுவதற்கும் 7,000 ரூபாய்தான்; தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் வாயிதா தவறாமல் கட்டினால் அந்த வட்டியும் இல்லை. 1998-இல் தொடங்கப்பெற்ற விவசாயக் கடன் அட்டையும் அட்டைதானே? அதில் பொன் நிறம் இல்லையென்பது குறையாகாது. தறிக்காரர்களுக்கும் முத்ராத் திட்டத்தில் நெசவாளர் கடன் இருப்பதைச் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் அன்பர்கள் அறிவார்கள்.

இருந்தும் அட்டைதான் வேண்டும் என்பாருக்கு நாம் குறுக்கே நிற்க விரும்பவில்லை. வேண்டுவோர் கீழ்ப்படியிலிருந்து ஏறட்டும். வைப்புத்தொகையை ஈடாகக் காட்டி அட்டை தரும் வங்கிகள் உண்டு. வைப்பு அவருடையது, வங்கிக்கு அச்சமில்லை. மாதந்தோறும் முழுத்தொகை கட்டிவந்தால் ஏட்டில் நல்ல வரி ஏறும். அதற்கு முன், நான்கு நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒருமுறை கட்டணமின்றிக் கிடைக்கும் முழு அறிக்கையை வாங்கிப் பார்க்க வேண்டும். தீர்ந்த கடன் தீராததாக நின்றால் எழுதித் திருத்தச் சொல்லலாம். முப்பது நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு 2024 ஏப்ரல் முதல் உண்டு. ஒரே மாதத்தில் ஐந்து வங்கிகளில் மனுப் போடுவது தீது, ஒவ்வொரு விசாரணையும் ஏட்டில் பதிந்து மதிப்பெண்ணைக் குறைக்கும். மனு தள்ளப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதிகள் கூறின. கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம். முன்பு நொடித்ததுண்டா என்று படிவம் கேட்டால் உண்டு என்றே எழுதி, விடுதலை உத்தரவின் நகலை இணைக்க வேண்டும். ‘இருபதாயிரம் கொடுங்கள், சிபிலைச் சுத்தம் செய்கிறோம்’ என்று உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் சுற்றும் தரகர்களை நம்பவே கூடாது. உண்மையான பதிவை அழிக்க எவராலும் ஆகாது. பொய்யான பதிவை அழிக்கப் பணம் தேவையில்லை.

இன்னும் ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்வது சிலருக்குக் கசக்கலாம். நொடித்தவருக்குச் சட்டம் விடுதலை தருகிறது. அவருக்கு ஜாமீன் நின்றவருக்கு அதே சட்டம் விடுதலை தருவதில்லை; 1920-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தெளிவாகவே கூறுகிறது. நம் சாகுபடியாளருக்குக் கையெழுத்துப் போட்ட அண்டைத் தோட்டக்காரர் இரண்டு பசுக்களை விற்றுச் சங்கத்துப் பாக்கியைக் கட்டியவர். அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க அவருக்கு இன்று வழக்கு வழியில்லை. கேட்கவும் இல்லை. ஆனால் மாலையில் இருவரும் ஒரே தேநீர்க் கடையில் முகம் திருப்பி உட்காருகிறார்கள். ஊருக்குத் தாம் தேறியதைத் தெரிவிக்க விரும்புகிறவர், ஆண்டுக் கட்டணமாகக் கொடுக்கவிருக்கும் தொகையை முதலில் அந்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நாம் வற்புறுத்தினோம். சட்டக் கடமையன்று என்று அவர் வாதாடினார், அது சரியே. ஆயினும் அடுத்த முறை அவர் சங்கத்தில் கடன் கேட்கும்போது ஜாமீன் நிற்க எவர் முன்வருவார் என்பதை எந்த மதிப்பெண்ணும் தீர்மானிக்கப் போவதில்லை, அந்தப் பசுக்களே தீர்மானிக்கும். ‘வரும் அறுவடையில் பார்க்கிறேன்’ என்று சொல்லிப் போயிருக்கிறார்.

சங்கங்களின் கடமையும் இதில் உண்டு. 2016-ஆம் ஆண்டிலும் 2021-ஆம் ஆண்டிலும் கூட்டுறவுப் பயிர்க் கடன்கள் தள்ளுபடி ஆயின. 2021-இல் மட்டும் 16.43 இலட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது. தள்ளுபடி பெற்றோர் அனைவரும் கடனில்லாச் சான்றை வாங்கி வைத்திருக்கிறார்களா? ஆய்வுக்குப் போகும் இடங்களில் நாம் காண்பது, சான்று அச்சாகிச் செயலாளரின் மேஜை அறையிலேயே தூங்குவதுதான். எல்லாச் சங்கங்களின் ஏடும் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போய்ச் சேருவதுமில்லை. ஆதலால் பதினைந்தாண்டு வாயிதா தவறாத அங்கத்தினர், வெளி வங்கியில் முன்பின் தெரியாதவராய் நிற்கிறார். தொடக்கச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022-இல் ஒப்புதல் அளித்தது. கணினி வந்த சங்கங்கள், அங்கத்தினர் கேட்ட நாளிலேயே பத்தாண்டுத் திருப்பிச் செலுத்திய விவரத்தை முத்திரையிட்டுக் கொடுப்பதற்குத் தடையொன்றும் இல்லை. அதற்கு மேலிடத்து உத்தரவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதுமில்லை. நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். அடுத்த மாத ஆய்வின்போது தீர்மானப் புத்தகத்தில் அதைத் தேடிப் பார்ப்போம்.