எண்ணப்படாத எத்தியோப்பியா

80-க்கும் மேற்பட்ட இனங்கள் வாழும் எத்தியோப்பியா, தன் மக்களைக் கடைசியாக எண்ணியது 2007-இல். பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கச் சொல்கிறது 1995-ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம். மாநிலங்களே பெரும்பாலும் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு தலைக்கும் அங்கே அரசியல் விலை உண்டு. கணக்கெடுப்பைத் தள்ளிப்போடுவதன் ரகசியம் அதுதான். இடையில் டிக்ரே மாநிலத்தில் இரண்டாண்டுப் போர். அது 2022-இல் ஓய்ந்த மறு ஆண்டே அம்ஹாரா மாநிலத்தில் துப்பாக்கிகள் வெடித்தன.

நீல நைலில் மாபெரும் அணையைப் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் கட்டி 2025-இல் திறந்தார்கள். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எந்த வட்டாரத்தில் எத்தனை பிள்ளைகள் என்றே தெரியாமல் பள்ளிக்கூடத்தையும் மின்கம்பியையும் எப்படிப் பங்கிடுவது? எல்லா மாநிலங்களின் பிரதிநிதிகளும் உடனிருக்க, கணக்கெடுப்புக்குப் பிரதமர் அபிய் அகமது அரசு தேதி குறிக்கட்டும். சண்டை ஓயாத மாவட்டங்களைக் கடைசியில் எண்ணிக்கொள்ளலாம்.