கடிகாரத்தைத் தள்ளி வெச்சா குடும்பத்துக்கு நல்லதா?

1/ லண்டன், நியூஜெர்சியில இருக்கற நம்ம சொந்தக்காரங்க மார்ச்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளுவாங்க. அக்டோபர், நவம்பர்ல பின்னால இழுப்பாங்க. "நம்ம ஊர்லயும் செஞ்சா என்னங்க டாக்டர்?"னு கேக்கறாங்க. என் பதில்: வேண்டாங்க. காரணம் சொல்றேன்.

2/ லண்டனில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கு மேல். டிசம்பரில் 8 மணி நேரத்துக்கும் கீழ். கோவையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒண்ணேகால் மணி நேரம்தான். தள்ளி வெச்சு மிச்சம் பிடிக்க இங்கே வெளிச்சம் இல்லீங்க.

3/ பக்கத்து இலங்கை இதைச் செஞ்சு பார்த்தது. 1996-ல் வறட்சி, மின்தட்டுப்பாடு. மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அக்டோபரில் அதில் அரை மணி குறைத்தார்கள். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. ஒரே தீவு, ரெண்டு நேரம்! புள்ளைங்க இருட்டுல ஸ்கூலுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பிட்டாங்க.

4/ உடம்புக்கும் ஒரு கடிகாரம் உண்டு. மூளையில இருக்கற அதுக்கு சாவி கொடுக்கறது வெளிச்சம். கடிகாரத்தை முன்னால் தள்ளிய பிறகு வரும் நாட்களில் மாரடைப்பு சற்று அதிகரிப்பதாக 2008-ல் வெளியான சுவீடன் ஆய்வு காட்டியது. இத்தனைக்கும் மாறியது ஒரு மணி நேரம்தான்.

5/ இப்ப நம்ம மில்லுக்கு வாங்க. பகல், அரை நைட், முழு நைட். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் உடம்பு 8 மணி நேரம் நகரணும். அப்பா தூங்கற நேரத்துல புள்ள முழிச்சிருக்கு. அம்மா ரெண்டு பேருக்கும் தனித்தனியா சமைக்கறாங்க. நம்ம குடும்பங்களோட உண்மையான கடிகாரப் பிரச்சினை இதுதான்.

6/ செய்யக்கூடியது:
• ஷிஃப்ட் சுழற்சி பகல் → அரை நைட் → முழு நைட்னு முன்னோக்கிப் போகட்டும். உடம்பு பழக அதுதான் சுலபம்.
• பகல்ல தூங்கறவங்க அறையை இருட்டாக்குங்க. வீட்ல டிவி சத்தம் குறையட்டும்.
• ஷிஃப்ட்டோட கடைசி சில மணி நேரம் டீ வேண்டாம்.
• தூக்கக் கலக்கத்துல பைக் ஓட்டாதீங்க.
• சுகர், வலிப்பு மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்க ஷிஃப்ட் நேரத்தை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. நீங்களா நேரத்தை மாத்தாதீங்க.
• 6 முதல் 12 வயசுப் புள்ளைங்களுக்கு 9 மணி நேரத் தூக்கமாவது வேணும். அப்பா ஷிஃப்ட் மாறினாலும் அவங்க படுக்கற நேரம் மாறக்கூடாது.

7/ சுவத்துக் கடிகாரத்தைத் திருப்ப ஒரு நிமிஷம் போதும். அந்த அக்கறையை ஷிஃப்ட் அட்டவணை மேல காட்டச் சொல்லிக் கேளுங்க. பல வீட்ல தூக்கம் திரும்பி வரும்.