கோணல் மேஜைக்கு ஒரு கையெழுத்து!

ஸ்கூலில் இருந்து வந்ததும் வராததுமாக ட்ராயிங் நோட்டைக் கட்டிலில் வீசினாள் தங்கை. படப்பையில் எங்கள் வீட்டுச் சமையலறை மேஜையைப் பார்த்து அவள் வரைந்த படம் அதில் இருந்தது. ஒரு எவர்சில்வர் சொம்பு, கூடையில் தக்காளி, நடுவே விரித்த துண்டு. துண்டுக்கு இந்தப் பக்கம் மேஜை விளிம்பு ஒரு உயரத்தில், அந்தப் பக்கம் வேறு உயரத்தில். அதைச் சிவப்பு மையில் சுழித்து, 'தவறு' என்று எழுதியிருந்தார்கள்.

"எனக்கு ட்ராயிங்கே வராதுக்கா. இனிமே வரைய மாட்டேன்."

போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்து அவளிடம் நீட்டினேன். பிரான்ஸ் ஓவியர் பால் செஸான் 1893 வாக்கில் வரைந்த 'ஆப்பிள் கூடை'. சாய்ந்த கூடை, சாய்ந்த பாட்டில், தட்டில் அடுக்கிய பிஸ்கட், வெள்ளைத் துணியில் சிதறிய ஆப்பிள்கள். துணிக்கு இரண்டு பக்கமும் மேஜை விளிம்பைப் பாருங்கள். ஒன்றோடு ஒன்று சேரவே சேராது!

"இவரும் தப்பா போட்டிருக்காரே!"

செஸானுக்கு நேர்கோடு தெரியாமல் இல்லை. சொந்த ஊரான எக்ஸில் ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். பிறகு ஏன் இப்படி?

ஒரு சின்ன சோதனை. மேஜையில் ஒரு சொம்பை வைத்து, எதிரில் உட்காருங்கள். தலையை இடப்பக்கம் சாய்த்துப் பாருங்கள். பிறகு வலப்பக்கம். கொஞ்சம் எழுந்தும் பாருங்கள். சொம்பின் வாய் ஒவ்வொரு முறையும் வேறு வடிவத்தில் தெரியும். நம் போன் கேமரா ஒரே இடத்தில் இருந்து ஒரு நொடியைப் பிடிக்கிறது. மனிதர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. செஸான் ஒரே மேஜையை நாள் கணக்கில் பார்த்தவர். அப்படிப் பல கோணங்களில் பார்த்ததை ஒரே படத்தில் சேர்த்தார் என்பதுதான் கலை விமர்சகர்கள் பலர் சொல்லும் விளக்கம். பின்னாளில் பிக்காசோவும் பிராக்கும் கியூபிச ஓவியங்களுக்குப் போனது இந்த வழியாகத்தான்.

பாரிஸின் பெரிய கண்காட்சியான 'சலோன்' இவரைத் திரும்பத் திரும்ப நிராகரித்தது. ஒரே ஒரு முறை, 1882-ல் இடம் கிடைத்தது. முதல் தனிக் கண்காட்சி 1895-ல் நடந்தபோது வயது 56. அதில் இந்த ஆப்பிள் கூடையும் இருந்தது. செஸான் தன் ஓவியங்களில் அபூர்வமாகத்தான் கையெழுத்துப் போடுவார். இந்தக் கோணல் மேஜையில் போட்டிருக்கிறார்!

இப்போது படம் இருப்பது சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில். அவர்களுடைய இணையதளத்திலேயே இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

"அப்போ நான் போட்டது கரெக்ட்டா?"

"பரீட்சைக்கு விளிம்பை நேராப் போடு. அந்த விதியும் தெரியணும். ஆனா பார்க்கிறதையும் வரையறதையும் நிறுத்தாதே" என்றேன்.

அரை மணி நேரம் கழித்து, மறுபடி மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். செஸான் வரைந்து முடிப்பதற்குள் பழங்கள் அழுகிவிடுமாம். எங்கள் வீட்டில் அந்தப் பிரச்னை இல்லை. பாதியிலேயே அம்மா இரண்டு தக்காளியை ரசத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"பரவால்லக்கா, எப்படி இருந்துச்சுனு எனக்கு ஞாபகம் இருக்கு" என்று வரைந்துகொண்டே இருந்தாள்.