கொல்லைக்குச் சிமென்ட் பூசியவர்கள்

போன சனிக்கிழமை பிரிட்ஜைத் துடைத்தேன். கீழ்த்தட்டின் மூலையில் ஒரு கொத்தமல்லிக் கட்டு. கேரிபேக்குக்குள்ளேயே இலைகள் கறுத்து, கொழகொழவென்று தண்ணீர் விட்டிருந்தது. அதற்குப் பின்னால் செவ்வாய்க்கிழமை சாம்பார். அதற்கும் பின்னால் பூசணம் பூத்த ஒரு தேங்காய் மூடி. மூன்றையும் ஒரே பையில் போட்டு முடிச்சுப் போட அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் மனசு ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

இந்தியாவில் வீடுகளில் மட்டும் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 55 கிலோ உணவு குப்பைக்குப் போகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை மதிப்பிடுகிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 கிலோ. தோல், காம்பு, எலும்பும் அதில் சேர்த்திதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தோலும் காம்பும் நம் வீடுகளில் எப்போது குப்பையாயின?

வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்கு ஒரு கொல்லை இருந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும். அரிசி களைந்த கழுநீர் பால்காரர் மாட்டுக்கு. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும், மற்ற தோலெல்லாம் எருக்குழிக்கு. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைச் சாப்பாடு ஆயிற்று. மிஞ்சிய குழம்பைச் சுண்டவைத்தால் அந்தச் சட்டியைத் துடைத்துச் சாப்பிட எங்களுக்குள் சண்டை நடக்கும்.

அத்தனையும் அம்மா ஒருத்தியின் உழைப்பு. எருக்குழியைக் கிளறிவிட நாங்கள் ஒருவரும் போனதில்லை. அம்மாவுக்கு முட்டிவலி வந்து குனிய முடியாமல் போனபோது, அந்த வேலையை வாங்கிக்கொள்ளாமல் வேலையையே ஒழித்தோம். கார் நிறுத்த இடம் வேண்டும், கொசு வருகிறது, இலை விழுகிறது, கூட்டி மாளவில்லை... காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மேஸ்திரியைக் கூட்டிவந்தவன் நான்தான். கருவேப்பிலை மரம் வெட்டுப்பட்டது, வாழை போயிற்று, சிமென்ட் பூசினோம். எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் இதே கதை. காய்த்தோல் போக இடமில்லாமல் வாசலுக்கு வந்தது அதன் பிறகுதான். கருவேப்பிலையையும் காசு கொடுத்து வாங்குகிறோம், வாங்கியதில் பாதி பிரிட்ஜிலேயே காய்கிறது.

வாசலுக்கு வந்தது எங்கே போயிற்று என்று நாம் கேட்கவில்லை. தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகள் பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மேல் குவிந்தது. 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த அதே சதுப்பு நிலம்தான். காற்றுப் புகாத குவியலில் சோறும் காயும் அழுகினால் மீத்தேன் கிளம்பும், தீயும் பிடிக்கும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம். உள்ளே எரிந்தது நம் வீட்டு சாம்பாரும்தான்.

இப்போது மொட்டை மாடியில் அடியில் ஓட்டை போட்ட ஒரு பழைய டிரம் வைத்திருக்கிறேன். காய்த்தோல் ஒரு அடுக்கு, காய்ந்த இலை ஒரு அடுக்கு, அவ்வப்போது கொஞ்சம் புளித்த மோர். முதலில் இலையைக் குறைத்துப் போட்டதில் நாற்றம் எடுத்துப் புழு வைத்தது. இலையைக் கூட்டி, வாரம் இருமுறை கிளறியதும் சரியாயிற்று. இரண்டரை மாதத்தில் கையில் அள்ளினால் மழை பெய்த மண்ணின் வாசம். அந்த எருவைப் போட்ட செடிப் பையில் தண்டுக்கீரை வந்திருக்கிறது. ஒரு வேளைப் பொரியலுக்குத்தான் காணும். ஆனால் அந்தக் கீரையில் ஒரு காம்பைக்கூட எங்களால் எறிய முடியவில்லை. விதைத்து, தண்ணீர் விட்டு, இருபத்தைந்து நாள் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எறிய மனம் வராது. கடையிலிருந்து வந்த கட்டின்மேல் நமக்கு அந்தப் பாசம் இருந்ததே இல்லை.

ஆடிப்பட்டத்துக்கு முன்னால் கொல்லையில் நான்கு அடிக்கு நான்கு அடி சிமென்ட்டைப் பெயர்த்துவிடப் போகிறேன். ஓர் அவரை, ஒரு கருவேப்பிலைக் கன்று, அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் அவ்வளவு இடம் இருக்கும். இல்லாவிட்டால் மாடியில் ஒரு பை போதும். இன்றைய காய்த்தோலை வாசலுக்கு அனுப்பாமல் எடுத்து வையுங்கள்.