ஜப்பான் தோட்டமும் செட்டிநாட்டு முற்றமும்

கேள்வி: புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். வாசலில் 3 சென்ட் இடம் காலியாக இருக்கிறது. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன், முதலாளி வீட்டு ஜப்பான் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, அதேபோல புல்தரையும் சின்னக் குளமும் வேண்டும் என்கிறான். எங்களுக்கு இருப்பது ஒரே போர்வெல். 2 கறவை மாடுகளும் அரை ஏக்கர் முருங்கையும் அதை நம்பித்தான் இருக்கின்றன. முதன்முதலாக ஆசைப்பட்டுக் கேட்கிறான். என்ன செய்வது?
- வாசகி, பல்லடம் வட்டாரம்

பதில்: அம்மா, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் ஊர் வெயிலுக்கு, புல்தரை பச்சையாக இருக்க ஒரு சதுர மீட்டருக்குத் தினமும் சுமார் 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். 1 சென்ட் என்பது 40 சதுர மீட்டர். 3 சென்ட்டுக்கு 600 லிட்டர். உங்கள் இரண்டு மாடுகளும் ஒரு நாளில் குடிப்பதைப் போல பல மடங்கு. கோடையில் போர்வெல் திணறும்போது புல்லுக்கா, மாட்டுக்கா என்ற கேள்வி வரும். அதனால் புல்தரையும் குளமும் வேண்டாம்.

ஆனால் மகனின் ஆசையைத் தள்ள வேண்டியதில்லை. ஜப்பான் தோட்டம் என்றாலே தண்ணீர் என்று இல்லை. கியோட்டோ நகரில் ரியோவான்ஜி கோயில் தோட்டம் உலகப் புகழ் பெற்றது. அங்கே இருப்பது வெள்ளைச் சரளை, 15 கற்கள், கற்களைச் சுற்றிக் கொஞ்சம் பாசி, அவ்வளவுதான். குளம் கிடையாது. சரளையில் வாரியால் கோடு இழுத்து, அலை போலக் காட்டுகிறார்கள்.

உங்கள் மகனுக்கு இதையும் சொல்லுங்கள். யோகோஹாமாவில் சான்கேய்-என் என்று ஒரு தோட்டம். ஹாரா தொமிதாரோ என்ற பட்டு வியாபாரி தன் குடும்பம் குடியிருந்த இடத்தில் அமைத்தது. சுமார் 43 ஏக்கர். அவரும் நம் திருப்பூர்க்காரர்கள் போல ஏற்றுமதித் தொழிலில் சம்பாதித்தவர்தான். பழைய கட்டடங்களைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார். 1906-ல் வெளித் தோட்டத்தை ஊர் மக்களுக்குத் திறந்துவிட்டார்.

நம் பக்கத்து வியாபாரிகளும் சளைத்தவர்கள் அல்ல. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளைப் பாருங்கள். நான்கு பக்கக் கூரையும் நடு முற்றத்தை நோக்கிச் சரியும். முதல் மழையைப் போகவிட்டு, அடுத்து வரும் தண்ணீரை அண்டாவில் பிடிப்பார்கள். மிச்சம் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். வறண்ட சீமையில் பெரிய வீடு கட்டியவர்கள், வீட்டுக்குள்ளேயே மழைக்கு ஒரு இடம் ஒதுக்கினார்கள். அந்த ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன.

இரண்டையும் சேர்த்து இப்படிச் செய்யுங்கள்:

1. உங்கள் மொட்டை மாடி 1,000 சதுர அடி என்றால், 1 செ.மீ. மழைக்குச் சுமார் 900 லிட்டர் விழும். சேதாரம் போக 700 லிட்டராவது கிடைக்கும். குழாய் வைத்து, ஜல்லி, மணல் நிரப்பிய குழியில் வடிகட்டி, போர்வெல் பக்கத்தில் நிலத்துக்குள் இறக்குங்கள். வடிகட்டாமல் போர்வெல்லுக்குள் நேராக விடக் கூடாது.

2. அந்தக் குழியை மூடி மறைக்காமல், மேலே கூழாங்கல் பரப்பி, நான்கைந்து பாறைகளை வையுங்கள். அதுவே மகன் கேட்ட ஜப்பான் தோட்டம். பாறைக்கு வெளியூர் போக வேண்டாம், உங்கள் காட்டு வரப்பிலேயே கிடக்கும்.

3. கல் வெயிலில் கொதிக்கும். சுவரை ஒட்டிப் பரப்பாதீர்கள். மேற்குப் பக்கம் ஒரு புங்கன் வையுங்கள்.

4. நந்தியாவட்டை, பவழமல்லி, நொச்சி போதும். வேர் பிடித்த பிறகு தண்ணீர் அதிகம் கேட்காது. அரளியும் வறட்சி தாங்கும், ஆனால் அது விஷச் செடி. மாடு, ஆடு எட்டும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

இந்த வேலையை மகனையே முன்னின்று செய்யச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் குழி தயாராகிவிட்டால், முதல் மழையிலேயே தண்ணீர் இறங்குவதை அவர் கண்ணாலேயே பார்த்துவிடுவார்.