பாதியில் இறங்க வேண்டாம்

புற்றுநோய்க்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களைத் தடுத்துவிட்டால் நோய் பட்டினியால் மடியும் என்ற செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் இது பொருந்துமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நான் மருத்துவரல்ல, ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தறிந்ததைக் கொண்டு என் கருத்தைச் சொல்கிறேன்.

கட்டி வளர்வதற்குப் புதிய இரத்தக் குழாய்கள் தேவை என்று 1971-இல் எழுதியவர், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன். இரத்தப் புற்றுநோயில் கட்டி ஏது என்று கேட்கலாம். ஆனால் 1997-இல் அவரும் சக ஆய்வாளர்களும், நோயுற்ற குழந்தைகளின் எலும்பு மஜ்ஜையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். இக்குழாய்களை வளரச் செய்யும் புரதங்களில் முக்கியமானது வி.இ.ஜி.எஃப். அதைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்துக்கு 2004-இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்காக அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

புதிய பாதை போட்டதும் பயணிகள் வண்டியை விட்டுவிட மாட்டோம். பாதுகாப்பு ஆணையர் சோதித்து ஒப்புதல் தரும்வரை வண்டி பழைய பாதையில்தான் ஓடும். இந்த நோய்க்கு உள்ள பழைய பாதையும் நல்ல பாதையே. சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு தயாரித்த அமினாப்டெரினைக் கொடுத்து, சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948-இல் சிட்னி ஃபார்பர் வெளியிட்டார். அவரும் அதே பாஸ்டன் மருத்துவமனையைச் சேர்ந்தவர்தான். இன்று வசதியுள்ள நாடுகளில், குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் வகையில் 100-க்கு 85 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள்.

ஆனால் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் நீள்கிறது. பெரும்பாலான குழந்தைகள் முதல் மாதத்திலேயே தேறி விளையாடத் தொடங்கிவிடுவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. "குணமாகிவிட்டது" என்று சிலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். புது மருந்து வரட்டும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். மறைந்திருக்கும் நோயணுக்கள் மீண்டும் பெருகினால் அடக்குவது மிகக் கடினம்.

வெளியூரில் வாழும் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊரிலிருந்து மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கு வரும் குடும்பத்துக்கு மொழி தெரியாது, தங்க இடம் இருக்காது. கூடப் போய்ப் பேசுங்கள். மறு தேதியை நினைவூட்டுங்கள். மருத்துவமனைச் சான்றிதழ் இருந்தால், சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ரயில் கட்டணம் இல்லை. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகை உண்டு. இதைப் பலர் அறியார்.

ஆராய்ச்சி முன்னேறட்டும், வரவேற்போம். அதுவரை நம் குழந்தைகள் ஏறிய வண்டியில் கடைசி நிலையம்வரை செல்லட்டும்.